வெள்ளை பூத்த ஜன்னல்கள்

சேதராப்பட்டு ஃபேக்டரியிலிருந்து மூலக்குளம் வீட்டுக்கு வந்ததும், பிரான்சிலிருந்து தன் தம்பி அனுப்பிய பொம்மை விமானத்தின் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்ட உட்கார்ந்துவிடுவார் என் கணவர். "விமானத்து ஜன்னல் கிட்ட மட்டும் சூப்பர் குளூ கொண்டு போவாத, வெள்ளையா பூத்துடும்" என்பார்.

அவர் இறந்த பிறகு, கழன்றுபோன இறக்கையை அந்தப் பசையாலேயே ஒட்டி, தூசு படாமல் விமானத்தை டப்பாவில் மூடி வைத்தேன். மறுநாள் அதன் குட்டி ஜன்னல்களெல்லாம் வெளுத்திருந்தன. பதறிப்போய்த் தேங்காய் எண்ணெய் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தேன்.

கடைசி ஜன்னலில்தான் பார்த்தேன். வெள்ளையில் வரி வரியாக ஒரு விரல் ரேகை. பசையின் புகை, அவர் விரல் பட்ட இடத்தில்தான் அழுத்தமாகப் படிந்திருந்தது.

"ஏம்மா நிறுத்திட்ட? அதையும் தொடச்சிடு" என்றாள் மகள்.

அது அப்படியே இருக்கிறது. துடைத்த ஜன்னல்கள் பளிச்சென்று இருக்கின்றன. அவற்றைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.