பாம்புக்காரியின் தூண்

தொமித்திலாவை யாரும் தேடி அலைய வேண்டியதில்லை. கோயில் திறந்திருந்தால் உள்ளே இருப்பாள். பூட்டியிருந்தால் சாவி அவள் பாவாடைப் பையில் இருக்கும். பன்றித் தொடையெலும்பு போன்ற இரும்புச் சாவி. அதன் கனத்தில் பாவாடை ஒரு பக்கம் இழுபட, அவளே சாய்ந்து நடப்பது போலத் தெரியும்.

எங்கள் புனித சிப்ரியான் கோயில் எண்ணூறு வருஷத்துக் கட்டடம் என்பார்கள். மலைக்கு அப்பாலிருந்து வந்த கல்தச்சர்கள் கட்டியது. அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் சிரிக்கத் தெரிந்த ஆட்கள். வெளியே கூரை விளிம்பைத் தாங்கும் கற்களில் ஒரு கழுதை யாழ் வாசிக்கிறது. ஒருவன் உள்ளங்காலில் முள் எடுக்கிறான். இன்னொருவன் திராட்சை மதுப் பீப்பாயைத் தோளில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்திருக்கிறான். பக்கத்தில் போனால் அப்படியே என் அப்பா.

உள்ளே, பீடத்துக்கு முன்னால் உள்ள வளைவின் வலது தூணின் தலையில் அவள் இருக்கிறாள். கூந்தல் அவிழ்ந்த பெண். இரண்டு மார்பிலும் இரண்டு பாம்புகள். பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகிற எல்லோரும் அவளைக் கடந்துதான் போக வேண்டும். பாம்புக்காரி என்று அவளுக்குப் பெயர். பால் வற்றிய பெண்கள் யாரும் பார்க்காத நேரத்தில் வந்து அந்தத் தூணில் உள்ளங்கையை வைத்துவிட்டுப் போவார்கள். மார்பு உயரத்தில் அந்தக் கல் மட்டும் கறுத்துப் பளபளவென்று இருக்கும்.

தொமித்திலாவுக்கும் அதே பெயர்தான். காரணம் ஒரு நாய்க்குட்டி.

அவள் புருஷன் நிலக்கரிச் சுரங்கத்தில் செத்தபோது மகன் தெல்மோ கைக்குழந்தை. பில்பாவோ துறைமுகத்தில் ஒரு கப்பல்காரர் வீட்டுக் குழந்தைக்குப் பால் கொடுக்கும் செவிலியாகப் போனாள். போகிற வழியில் பால் கட்டிவிடக் கூடாது. அதனால் அந்த வேலைக்குப் போகிற பெண்கள் ஒரு நாய்க்குட்டியைக் கூடவே கொண்டுபோய் அதற்குப் பால் கொடுப்பார்கள். இதில் புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் அன்று காற்றில் அவள் சால்வை விலகியது. வண்டியைச் சுற்றி நின்ற ஊர் முழுக்கப் பார்த்துவிட்டது. நாத்தனார் பிரிஹிதாவின் இடுப்பில் தெல்மோ அழுதுகொண்டிருந்தான்.

அவனை ஆட்டுப்பால் வளர்த்தது. தொமித்திலா ஒரு குழந்தை முடிந்து இன்னொரு குழந்தை என்று வீடு மாறினாள். ஊர் திரும்பியபோது அவன் ஆடு மேய்க்கப் போய்க்கொண்டிருந்தான். பிரிஹிதாவை அம்மா என்றான். பெற்றவளைப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை, முறை சொல்லியும் கூப்பிடவில்லை. எதிரே வந்தால் "வாங்க", "இருங்க", அவ்வளவுதான். "உங்கம்மா நாய்க்குக் கொடுத்தா, ஒனக்குக் கொடுக்கல" என்று கேட்டுக்கேட்டு வளர்ந்த பையன் வேறு என்ன செய்வான்?

மணியடிக்கவும் கூட்டவும் ஆள் இல்லாமல் இருந்த கோயில் சாவியை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். கூட்டி முடித்ததும் தூணில் கை வைத்துச் சற்று நிற்பாள். ஜெபிக்க மாட்டாள், பேச மாட்டாள். பால் வற்றும் வயதும் போய்விட்டது. வெறுமனே நிற்பாள். பூ வைக்கப் போகும்போது நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு வெளியிலேயே காத்திருப்பேன்.

தொன் தார்சிசியோ எங்கள் ஊருக்குச் சாமியாராக வந்தபோது இளைஞர். நல்ல மனிதர். சாகக் கிடக்கிறவர்களுக்காக இடுப்பளவு பனியில் நடந்து வருவார். ஆனால் பாம்புக்காரியைக் கண்டால் அவருக்குக் காது சிவந்துவிடும். மே மாதம் பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் சடங்கு நடத்த மறைமாவட்ட ஆயர் வருகிறார் என்று தெரிந்ததும், அவளைச் சாந்து பூசி மூடிவிடலாம் என்றார்.

தொமித்திலா பீடத்தடியில் விளக்குமாறோடு நின்றாள்.

"அவ யாருக்கு என்ன கெடுதல் பண்ணா, சாமி?"

"அது காமத்தோட உருவம். கெட்டு அலைஞ்சவள நரகத்துல பாம்பு கடிக்குது. அந்தக் காலத்துல பயமுறுத்தச் செதுக்கி வச்சாங்க."

"கடிக்கலயே சாமி. குடிக்குதுங்க."

"பாம்பு எங்கயாவது பால் குடிக்குமா?"

"நீங்க பட்டணத்துல பொறந்தவரு. எங்க தொழுவத்துல வந்து பாருங்க."

அவர் சிரித்துவிட்டார். பிறகு, "நன்மை வாங்க வர்ற ஆம்பளைங்க எங்க பார்க்கிறாங்கன்னு எனக்குத் தெரியும், தொமித்திலா. மூடத்தான் வேணும்" என்று மெதுவாகச் சொன்னார். அவள் அன்றைக்குப் பீடத்தை இரண்டாம் தரம் கூட்டினாள்.

ஊர்ப்பணிக்கு மணி அடித்தால் வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். எங்கள் வீட்டில் அப்பா உடம்புக்கு முடியாமல் படுத்திருந்ததால் நான் போனேன். சாந்துக்குத் தண்ணீர் சுமப்பது என் வேலை. கொத்தனார் அவுஸ்பிசியோவுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. அதனால் ஏணியில் ஏறும் வேலை அவரிடம் கூலியாக இருந்த தெல்மோவுக்கு வந்தது.

"நல்லாக் கேட்டுக்கடா," என்றார் அவுஸ்பிசியோ. "வழுவழுக் கல்லு. கொத்துப் போடாம பூசினா ஒரு பனிக்காலம் தாங்காது. மூஞ்சி, மாரு, பாம்பு, எல்லாத்தையும் நல்லா ரணமாக்கிட்டு அப்புறம் பூசு."

"பெத்த தாய நீயே மூடப் போறியாடா?" என்று கீழேயிருந்து கிரினோ கத்தினான். அவன் வேலை செய்ததைவிட மதுத் தோல்பையைப் பிடித்திருந்த நேரம்தான் அதிகம். "பார்த்து ஏறு, மேல ரெண்டு தம்பிங்க தொங்கறானுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். தெல்மோ திரும்பிப் பார்க்கவில்லை. கொத்துச் சுத்தியலைக் கச்சையில் செருகிக்கொண்டு ஏறினான்.

தொமித்திலா அன்றைக்கு வராமலே இருந்திருக்கலாம். கதவைத் திறந்தவளே அவள்தான். "சாவி இல்லன்னு சொல்லிடலாமேக்கா?" என்று நான் கிசுகிசுத்தேன். "சாவி ஊரோடதுடி" என்றாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

நான் வாளியோடு ஏணியில் பாதி ஏறியபோது தெல்மோ அந்தப் பெண்ணுக்கு நேர் எதிரே இருந்தான். அவளை அவ்வளவு அருகில் அதுவரை யார் பார்த்திருக்கப் போகிறார்கள்? கீழிருந்து பார்த்தால் அவள் பாம்புகளைப் பிடித்து இழுப்பது போலத் தெரியும். பக்கத்தில் அப்படி இல்லை. உள்ளங்கைகள் பாம்புத் தலைகளுக்கு அடியில் விரிந்து தாங்கியிருந்தன, பச்சைக் குழந்தையின் பிடரியைத் தாங்குவது போல. முகத்தில் காமமும் இல்லை, பயமும் இல்லை. தூக்கமில்லாத முகம்.

தெல்மோ நெடுநேரம் பார்த்தான். "என்னடா, கல்யாணம் பேசறியா?" என்று கிரினோ கேட்டான்.

சுத்தியல் சத்தம் கேட்கத் தொடங்கியது. கடைசி பெஞ்சில் ஒவ்வொரு அடிக்கும் தொமித்திலாவின் தோள் குலுங்கியது. ஆனால் நான் ஏணியில் இருந்தேன். தெல்மோ அடித்தது பக்கத்தில் இருந்த வெறும் சுவரை. பாம்புக்காரியின் மேல் ஒரு கீறல்கூட இல்லை. என்னைப் பார்த்தான். "வாளியக் குடு" என்றான். கொடுத்தேன். சாந்தை அள்ளி அந்த முகத்தின் மேல் கையால் மெல்ல அப்பினான். சுவரில் விழுந்த குழிகளின் மேலும் ஒரு பூச்சு இழுத்துவிட்டான்.

நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அவன் சொல்ல வேண்டியதை நான் எப்படிச் சொல்வது?

ஆயர் வந்தார், வெள்ளைக் கட்டியாக நின்ற தூணைக் கடந்து போனார். பிறகு தொமித்திலா தூணில் கை வைக்கவே இல்லை. அந்தப் பக்கத்தைச் சீக்கிரமாகக் கூட்டிவிட்டு வந்துவிடுவாள். குளிர்காலத்துக்குள் ஆளே பாதியாகிவிட்டாள்.

ஜனவரி மாதத்தில் பனி இறுகிப் பின் இளகிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்கு முன்னால், சாந்து மொத்தமாகப் பெயர்ந்து தரையில் கிடந்தது. தொமித்திலா விளக்குமாற்றை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். கண், மூக்கு, கை, பாம்பு, எல்லாம் இருந்தபடியே இருந்தன. பக்கத்துச் சுவரில் மட்டும் அம்மைத் தழும்பு போலக் கொத்துக் குழிகள்.

சாமியாரும் வந்து பார்த்தார். அவருக்கும் அந்தக் குழிகள் தெரிந்தன.

"அவன் கொத்தினானா, இல்லையா?" என்று அவுஸ்பிசியோவைக் கேட்டார்.

"கொத்தினான் சாமி. ஊருக்கே சத்தம் கேட்டுச்சு."

தொன் தார்சிசியோ குழிகளைப் பார்த்தார், தொமித்திலாவைப் பார்த்தார். "பூசைக்கு நேரமாச்சு, மணியடி தொமித்திலா" என்று மட்டும் சொன்னார். மறுபடி சாந்து குழைக்கச் சொல்லவே இல்லை.

பூசை முடிந்ததும் பாட்டு மாடத்திலிருந்து ஆண்கள் இறங்கி வந்தார்கள். தொமித்திலா பூட்டுவதற்காக வாசலில் சாவியோடு நின்றாள். கடைசியாக தெல்மோ வந்தான். அவள் அவனையே பார்த்தாள். அவன் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"குளிருது. சீக்கிரம் பூட்டு, அம்மா," என்றான்.

அவளுக்குச் சாவி எந்தப் பக்கம் திரும்பும் என்பது மறந்துபோயிற்று. அவன் பொறுமையாக நின்றான்.