அண்ணி செயலாளரான வருஷம்

அந்தக் கால்பந்து கிளப்பில் அவளுக்கு முதலில் கிடைத்தது அழுக்குத் துணி மூட்டைதான். கல்யாணமான புதிதில் ஒரு சாயங்காலம், அணியின் சேறு படிந்த ஜெர்சிகளை எல்லாம் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து குளியலறை வாசலில் இறக்கினார் கணவர். "உனக்குத்தான் இதெல்லாம் கைவந்த கலையாச்சே" என்று சிரித்தார். அவள் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க ஊரார் படுத்த விரிப்புகளைத் துவைத்து மடித்துவிட்டு வந்தவளுக்கு அந்தச் சிரிப்பு ரசிக்கவில்லை. மூட்டையை அப்படியே தூக்கிக்கொண்டு போய் மைதானத்தில் போட்டாள்.

"ஆடினவங்க துவைக்கட்டும். எப்படித் துவைக்கணும்னு வேணா சொல்லித் தர்றேன்."

சொல்லிக்கொடுக்கப் போனவள் அங்கேயே ஒட்டிக்கொண்டாள். பஸ் டிரைவரான அவள் கணவரை மைதானத்தில் எல்லோரும் கேப்டன் அண்ணன் என்பார்கள். அதனால் இவள் அண்ணி ஆனாள். தன்னைவிட வயதில் மூத்த சலூன்காரர்கூட அண்ணி என்றுதான் கூப்பிட்டார். அவர்தான் கிளப்பின் பழைய கோல்கீப்பர். அண்ணிக்கு ஒரு மகள் பிறந்து, வளர்ந்து, பெண்கள் அணியில் தடுப்பாட்டம் ஆடும் அளவுக்கு வருஷங்கள் ஓடின.

மைதானம் நகராட்சிக்குச் சொந்தமானது. ஒரு காலத்தில் அங்கே குடிநீர் ஏற்றும் பம்ப்ஹவுஸ் இருந்தது. அது வேறு இடத்துக்கு மாறியபின், உடைந்த குழாய்களும் புதருமாகக் கிடந்த நிலத்தைச் சுற்றுவட்டாரத் தெருக்காரர்கள் சீர்செய்து ஆட ஆரம்பித்தார்கள். பம்ப்ஹவுஸ் அறை கிளப் அறையானது. வருஷா வருஷம் நகராட்சி அனுமதி கொடுக்கும், இவர்கள் ஆடுவார்கள். அந்த அனுமதி ஒரு வருஷம் வராமல் போகலாம் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை.

வராமல் போன வருஷத்தில்தான் பில்டர் வந்தார். ஊரில் பாதி அடுக்குமாடிகளைக் கட்டியவர் என்றாலும், ஆணி துருத்திய கிளப் பெஞ்சில் முகம் சுளிக்காமல் உட்கார்ந்து டீ குடித்தார். மைதானத்தை நகராட்சியிடமிருந்து நீண்ட காலக் குத்தகைக்குத் தான் எடுக்கப் போவதாகச் சொன்னார். புல்தரை, விளக்கு, உட்கார்ந்து பார்க்க கேலரி, எல்லாம் வரும். கிளப் அப்படியே தன் அகாடமியோடு சேர்ந்துகொள்ளலாம். பெயர்கூட இருக்கும், முன்னால் தன் கம்பெனிப் பெயர் மட்டும் சேரும். "கமிட்டி, தேர்தல், இந்தத் தலைவலி எல்லாம் இனி உங்களுக்கு எதுக்கு? நான் பார்த்துக்கறேன்." கேப்டனைப் பார்த்து, "நீங்கதான் தலைமைக் கோச். பஸ் வேலையை விட்டுடலாம்" என்றார்.

கேப்டனுக்குக் கால் தரையில் பாவவில்லை. முட்டியைச் சிராய்க்காத புல்தரையில் ஆட வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. மறுநாள் காலை சமையலறையில் அவர் அதையே பேசிக்கொண்டிருக்க, அண்ணி டப்பாவில் சோற்றை அடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, வாயே திறக்க மாட்டேங்குற?"

"எனக்கு ஒண்ணுதான் புரியல. இப்ப அணியில ஒரு பொண்ணைக் காரணமில்லாம உட்கார வெச்சா, அவ அம்மா நேரா நம்ம வீட்டுக்கு வந்து உங்க சட்டையைப் பிடிக்கறா. நாளைக்கு யார் சட்டையைப் பிடிப்பா?"

"யாரும் பிடிக்க வேண்டாமே. நிம்மதி."

"அதான் எனக்குப் பயமா இருக்கு."

பேச்சு முற்றியது. அதன்பின் சில நாட்கள் இருவரும் மகள் வழியாகத்தான் பேசினார்கள். "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்பாள் அண்ணி. "பக்கத்துலதானே நிக்கறாரு, நீயே சொல்லேன்" என்று தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள் மகள்.

பொதுக்குழுவில் கேப்டன் நன்றாகவே பேசினார். இத்தனை வருஷம் கல்லிலும் மண்ணிலும் விழுந்து எழுந்ததை அவர் சொன்னபோது பலர் தலையசைத்தார்கள். அண்ணி எழுந்தாள். கட்டின புருஷனுக்கு எதிராகச் சபையில் பேசுகிறாள் என்று பின்வரிசையில் குசுகுசுத்தார்கள்.

"அவர் சொன்னது அத்தனையும் நிஜம்" என்றாள். "ஆனா இங்க ஏதாவது பிடிக்கலன்னா நான் எழுந்து கத்தலாம். கத்தி, ஓட்டுப் போட்டு, கமிட்டியையே வீட்டுக்கு அனுப்பலாம். போன தடவை அனுப்பினோம். பில்டர் நல்லவராவே இருக்கட்டும். அவருக்கு மனசு மாறினா நாம யாரை வீட்டுக்கு அனுப்பறது?"

கையெண்ணிப் பார்த்தார்கள். சொற்ப வித்தியாசத்தில் கிளப் சேருவதில்லை என்று முடிவானது. பில்டரிடம் பெயின்ட் வேலை எடுத்துக்கொண்டிருந்த செயலாளர் அங்கேயே பதவியை விட்டு இறங்கினார். அந்த நேரத்தில் முள்கிரீடத்துக்கு யாரும் தலையை நீட்டவில்லை. "வேண்டாம்னு பேசினது அண்ணிதானே, அண்ணியே இருக்கட்டும்" என்று சலூன்காரர் பாதி விளையாட்டாகச் சொன்னார். மீதிப் பாதியை மற்றவர்கள் சேர்த்து அவள் தலையில் கட்டினார்கள்.

அடுத்த வாரமே நகராட்சி ஆட்கள் வந்து கேட்டுக்குப் பெரிய பூட்டுப் போட்டார்கள்.

கேட்டுக்கு வெளியே இருந்த சந்தில் பயிற்சி நடந்தது. பந்து ஜன்னலில் பட்டால் திட்டு, வண்டியில் பட்டால் இரட்டைத் திட்டு. கேப்டன் அங்கேயும் வந்தார். ஓட்டில் தோற்ற மனுஷன் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாலும், வேலை முடிந்ததும் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சந்துக்கு வந்துவிடுவார். அதை அண்ணி கவனித்தாள்.

நகராட்சி உறுப்பினர்கள் வீடு வீடாக நடையாய் நடந்தாள் அவள். பலர் வாசலிலேயே பேசி அனுப்பினார்கள். ஒரு கவுன்சிலர் அம்மா மட்டும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"பில்டர் ஊருக்கே அகாடமின்னு சொல்றாரு. நீங்க யாருக்காகக் கேக்கறீங்க?"

"சுத்துவட்டார சனங்களுக்காகத்தான்மா."

"எந்த சனங்க? நடக்க வந்த வயசானவங்களைப் பந்து படும்னு விரட்டினீங்க. பக்கத்துப் பள்ளிக்கூடம் கேட்டப்போ தரை கெட்டுடும்னீங்க. கிரிக்கெட் பசங்களை அடிக்கவே போனீங்க. நாங்க பூட்டறதுக்கு முன்னாடி நீங்கதானே பூட்டி வெச்சிருந்தீங்க?"

அண்ணிக்குச் சுருக்கென்றது. பஸ்ஸில் வீடு திரும்பும்போது கோபம் கவுன்சிலர் அம்மா மேல்தான் வந்தது. இறங்கும் இடம் வருவதற்குள் அந்தக் கோபம் நிற்க இடமில்லாமல் கரைந்துவிட்டது.

மறுநாளே கிரிக்கெட் குழுவின் தலைவரைத் தேடிப் போனாள். மைதானத்துக்குப் பின்தெருவில் ஒர்க்ஷாப் வைத்திருந்த மெக்கானிக் அவர். ஒரு காரின் அடியில் படுத்திருந்தார். வந்தது யார் என்று தெரிந்தும் எழுந்து வரவில்லை. அவள் ஒரு டயர் மேல் உட்கார்ந்து காத்திருந்தாள். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"உங்க வீட்டுக்காரர் என் பேட்டைப் பிடுங்கி பம்ப்ஹவுஸ் கிணத்துல போட்டாரு. தெரியுமா?"

"தெரியும். அப்ப நான் அங்கதான் நின்னேன். சிரிச்சேன்கூட."

மெக்கானிக் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இப்ப என்ன வேணும்?"

"மைதானம் எல்லாருக்கும் வேணும்னு எங்களோட வந்து சொல்லணும்."

"சொன்னா எங்களுக்கு என்ன?"

"என்ன வேணும்?"

"ஞாயித்துக்கிழமை காலைல கிரவுண்டு எங்களுது. நடுவுல எவனும் பந்தைத் தூக்கிட்டு வரக்கூடாது."

"சரி" என்றாள் அண்ணி.

அதேபோலப் பள்ளித் தலைமையாசிரியையிடம் பள்ளி நாட்களின் காலை நேரத்தையும், நடப்பவர்களிடம் எல்லைக்கோட்டுக்கு வெளியே சுற்றுப் பாதையையும் தருவதாக ஒப்புக்கொண்டு வந்தாள். கமிட்டியில் ஒரே ரகளை.

"யாரைக் கேட்டு வாக்குக் கொடுத்தீங்க? இருக்கற நிலத்தைக் காப்பாத்தச் சொன்னா ஊருக்குப் பங்கு போட்டுட்டு வந்திருக்கீங்க" என்று சலூன்காரரே எகிறினார்.

"கேக்காம செஞ்சது தப்புதான். அதுக்கு என்னை மாத்தணும்னா மாத்துங்க" என்றாள். "ஆனா நம்ம கையில இருக்கறது வெளிப்பக்கம் பூட்டு போட்ட கேட்டு. அதுல எந்தப் பங்கை நான் குடுத்தேன்?"

தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திவிட்டு ஒப்புக்கொண்டார்கள். கேப்டன் எதிலும் தலையிடவில்லை. இரண்டு நாள் கழித்துப் புது கிரிக்கெட் பேட் ஒன்றை மெக்கானிக் கடையில் வைத்துவிட்டு வந்ததாகச் சாப்பிடும்போது சொன்னார். "கிணத்துல போட்டது நான். அதுக்கும் உன் கிளப் சண்டைக்கும் சம்பந்தமில்ல" என்றார். அண்ணி அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

நகராட்சிக் கூட்டத்தன்று பார்வையாளர் பகுதியில் இடம் போதவில்லை. கிளப்காரர்கள், கிரிக்கெட்காரர்கள், ஆசிரியைகள், நடைப்பயிற்சிக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். தள்ளுமுள்ளு இல்லை, கோஷம் இல்லை. பேசக் கூப்பிட்டபோது மெக்கானிக்தான் முதலில் எழுந்தார். "இவங்களுக்கும் எங்களுக்கும் ஆகவே ஆகாதுங்க" என்று ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆனது. "ஆகாதுன்னா சண்டை போட்டுக்கலாம். பேசித் தீத்துக்கலாம். அகாடமி கேட்டுல நிக்கற செக்யூரிட்டிகிட்ட என்ன சண்டை போடறது?"

கூட்டத்தின் முடிவு யாருக்கும் முழுசாக இனிக்கவில்லை. ரோட்டை ஒட்டிய மேல்பகுதி பில்டருக்குப் போனது. பம்ப்ஹவுஸும் கீழ்ப்பகுதியும் நீண்ட காலக் குத்தகையாகக் கிளப்புக்கு வந்தன, எல்லோருக்கும் நேரம் ஒதுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. நடுவில் வேலி எழும்பியது. மிச்சமிருந்த நீளத்தில் முழு மைதானம் அடங்கவில்லை. பெண்கள் அணியும் சிறுவர்களும் ஆடலாம், ஆண்களின் லீக் ஆட்டத்துக்குப் பற்றாது. அவர்கள் வேறு மைதானத்தை வாடகைக்கு எடுத்தார்கள். நல்ல ஆட்டக்காரர்கள் சிலர் வேலிக்கு அந்தப் பக்கம் போனார்கள்.

கேப்டனும் போனார். ஒரு சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் வந்து, "நான் அங்க சேரலாம்னு இருக்கேன்" என்றார்.

"போங்க."

"கோபமா?"

"கோபம்தான். அதுக்காகப் போகாதீங்கன்னு சொல்ல மாட்டேன். எத்தனை வருஷம் அந்தப் புல்லைப் பத்திப் பேசியிருக்கீங்க."

அவர் உட்கார்ந்து விரிப்பின் மறுமுனையைப் பிடித்தார். இருவரும் சேர்ந்து மடித்தார்கள்.

புல் நன்றாகத்தான் இருந்தது. அதைப் பற்றி அவர் வீட்டில் வாய் ஓயாமல் பேசினார். முதல் வருஷ முடிவில், அணியில் யார் ஆடுவது என்று ஆபீசிலிருந்து பெயர்கள் வர ஆரம்பித்ததாக ஒருநாள் சொன்னார். "நான் அப்பவே சொன்னேனே" என்று அண்ணி குத்திக்காட்டவில்லை. அவரும் கோச் வேலையை விடவில்லை. கிளப்பின் பெண்கள் அணியும் அகாடமியின் பெண்கள் அணியும் மோதியபோது மகள் அடித்த ஒரு கோலையும் மீறிக் கிளப் தோற்றது. மூவரும் ஒரே ஆட்டோவில் வீடு வந்தார்கள். நடுவர் கொடுத்த ஃபிரீகிக் சரியா தப்பா என்று வழியெல்லாம் சண்டை.

யாரும் மூன்று முறைக்கு மேல் ஒரே பதவியில் இருக்கக்கூடாது என்ற விதியை அண்ணிதான் கொண்டுவந்தாள். அதன்படி அவளே இறங்க வேண்டி வந்தது. புதுச் செயலாளராக, கிரிக்கெட் குழுவிலிருந்து வந்து உறுப்பினரான மெக்கானிக்கின் தங்கை தேர்வானாள். அவள் நடத்திய முதல் பொதுக்குழுவில் ஜெர்சியை வெள்ளையாக மாற்றலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். அண்ணி பின்வரிசையிலிருந்து எழுந்தாள்.

"வெள்ளை வேண்டவே வேண்டாம். இந்தச் செம்மண்ணுல என்ன துவைச்சாலும் கறை போகாது. நான் துவைக்கறவ சொல்றேன்."

"அண்ணி, ஆடினவங்கதானே துவைக்கறோம், விடுங்களேன்" என்றது ஒரு குரல்.

ஓட்டெடுப்பில் வெள்ளை ஜெயித்தது. அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. டீ வந்ததும் புதுச் செயலாளரைத் தனியே பிடித்து, துணியாவது கெட்டியாக எடுக்கும்படி சொல்லிக்கொண்டிருந்தாள்.