ரிக் சும்மா நின்ற காலம்

கடல் நடுவில் எண்ணெய்க் கிணறு தோண்டுகிற ரிக்கில் வெல்டர் வேலை என்பது, வேலை நடக்கும்போது தூங்க நேரம் கிடைக்காத, வேலை நின்றுவிட்டால் தூக்கமே வராத தொழில். கம்பெனி கேட்டில் பூட்டு தொங்குவதைப் பார்த்தவர்கள், சங்கு ஊதாத காலையிலும் பழக்கதோஷத்தில் எழுந்து முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

நான் குடியாத்தத்துக்காரன். வீட்டில் எல்லோரும் லுங்கி நெய்தார்கள். எனக்கு மட்டும் நூலைவிட இரும்பு பிடித்தது. வெல்டிங் கற்றுக்கொண்டு, எண்பதுகளின் தொடக்கத்தில் வளைகுடாவுக்குப் போய், கரையிலிருந்து ஹெலிகாப்டரில் போகவேண்டிய ஒரு ரிக்கில் சேர்ந்தேன். மூன்று இரும்புக் கால்களைக் கடல் தரையில் ஊன்றிக்கொண்டு நிற்கும் ஒரு மாடி வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சில வருஷம் கழித்து எண்ணெய் விலை மடமடவென்று விழுந்தது. எண்ணெய் விற்று வருவதைவிடத் தோண்டுகிற செலவு ஜாஸ்தி ஆனதும், மறு உத்தரவு வரும்வரை துளை போடக்கூடாது என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். இவை அதற்குப் பிறகு நடந்தவை.

சத்தம் நின்ற மத்தியானம்

ரிக்கில் இன்ஜின் சத்தம் ஓயவே ஓயாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் உப்பு கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். துளை போடுவதை நிறுத்திய மத்தியானம், ரிக்கின் காலில் அலை மோதுகிற சத்தத்தை முதல்முறையாகக் கேட்டேன். இத்தனை வருஷமாகக் கடலில்தான் இருக்கிறோம் என்பதே அப்போதுதான் உறைத்தது.

சத்தம் நின்றதே தவிர எங்கள் பழக்கம் நிற்கவில்லை. சாப்பாட்டு ஹாலில் கிரேன் ஓட்டுகிற ரமோன் என்னும் பிலிப்பைன்ஸ்காரன் என் காதருகே வந்து, வழக்கமான குரலில் இங்கிலீஷில் கத்தினான். "முதல்ல வீட்டுக்கு அனுப்ப வேண்டிய ஆளு மெக்ரேதான். டீ குடிக்கறத தவிர அவருக்கு இன்னா வேலை?" மெக்ரே எங்கள் ரிக்குக்கே தலைவர், ஸ்காட்லாந்துக்காரர். ஹாலின் மறுகோடியில் கையில் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டோம். மெக்ரே கோப்பையைப் பார்த்தார், ரமோனைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இந்த டீயை மட்டும் குடிச்சு முடிச்சிட்டுப் போகட்டுமா?"

பெயிண்டர் ஆனேன்

அப்புறம் ஆட்களைக் குறைக்க ஆரம்பித்தார்கள். மெக்ரே ஒவ்வொருவராக அறைக்குக் கூப்பிட்டார். துளை போடாத ரிக்கில் பற்றவைக்க என்ன இருக்கிறது? வெல்டர் தேவையில்லை என்று எனக்கே தெரிந்திருந்தது. ஊரில் என் மனைவி கோமதிக்கு ரெண்டாவது பிரசவம் வரப்போகிற சமயம். அவள் முகத்தை நினைத்துக்கொண்டே போய் நின்றேன்.

"துரு ஏறாம பாத்துக்க ஒரு பெயிண்டர் மட்டும் வேணும். உனக்குத் தெரியுமா?" என்று மெக்ரே கேட்டார். தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டீ கொண்டுவந்த சமையல்காரர் பாஷா பாய் முந்திக்கொண்டார். அவர் ஆம்பூர்க்காரர். ரிக்கில் தமிழ் பேச எனக்கு இருந்த ஒரே துணை அவர்தான். "சார், இவன் குடும்பமே கலர் குடும்பம். இவங்க வீட்ல போடற சாயம் எத்தினி வாட்டி துவைச்சாலும் போகாது" என்று அடித்துவிட்டார். லுங்கிச் சாயத்தைப் பற்றித்தான் சொன்னார். மெக்ரேவுக்கு அது தெரியாது. எனக்கு வேலை தங்கியது.

மறுநாள் படிக்கட்டுக் கைப்பிடி முழுக்க மஞ்சள் பெயிண்ட் அடித்தேன். 'ஈரம்' என்று ஒரு அட்டை கட்டிவைக்க வேண்டும் என்பது பெயிண்டர்களுக்குத் தெரியும். நான் வெல்டர். மெக்ரே பிடித்துக்கொண்டே மேலே வந்தார், நெற்றி வியர்வையைத் துடைத்தார், சட்டையில் கையைத் தேய்த்தார். வாரக் கடைசியில் அதே சட்டையோடு என்னிடம் வந்து நின்றார். "உங்க குடும்பத்தைப் பத்தி பாஷா சொன்னது நிஜம்தான்" என்றார்.

ஆளுக்கு ஒரு சாப்பாடு

சாமான் கொண்டுவருகிற படகு வருவது கம்மி ஆனது. கறியும் காய்கறியும் தீர்ந்துகொண்டே வந்தன. ரமோன் ரிக்கின் விளிம்பில் உட்கார்ந்து தூண்டில் போட்டான். அவன் பிடிப்பதைத்தான் பாஷா பாய் சமைத்தார். ஹெலிகாப்டர் வரும்போதெல்லாம் இரண்டு மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போனது. யார் போகிறார்களோ அவர்கள் ஊர்ச் சாப்பாட்டை அன்றைக்குச் செய்துபோடுவது என்று பாஷா பாய் தானாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. ரமோன் கிளம்பிய அன்று அவனிடமே முறை கேட்டுக்கொண்டு, வினிகர் ஊற்றி ஒரு மீன் குழம்பு வைத்தார். அதைச் சாப்பிட்டுவிட்டு, வாய் ஓயாத ரமோன் பேசாமலே ஹெலிகாப்டரில் ஏறினான்.

கடைசியில் ரிக்கையே துறைமுகத்துக்கு இழுத்துக்கொண்டு போய்க் கட்டிவைப்பது என்று முடிவாயிற்று. என் முறையும் வந்தது. அன்றைக்குப் பாஷா பாய் அரிசியை ஊறவைத்தார். கறி இல்லை, மீன்தான் இருந்தது. மூடியைத் திறந்ததும் வந்த வாசனையில் எனக்கு ஆம்பூர் பஸ் ஸ்டாண்டே கண்ணில் தெரிந்தது. இரண்டு தட்டு சாப்பிட்டேன். ஹெலிகாப்டர் வரை என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த பாஷா பாய், யாராவது கேட்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தோஸ்த், நான் மீன்ல பிரியாணி பண்ணேன்னு மட்டும் ஆம்பூர்ல சொல்லிடாதே. ஊருக்குள்ள விட மாட்டாங்க."

மாமனாரின் கணக்கு

வேலை போன மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்குப் போவது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். கோமதி பிரசவத்துக்காக, வேலூர் பக்கம் அணைக்கட்டு என்கிற ஊரில் அப்பா வீட்டில் இருந்தாள். மாமனாருக்குக் கொஞ்சம் நிலம், நிலத்தில் ஒரு கிணறு. அந்த வருஷம் அது வற்றிக் கிடந்தது. ஆழப்படுத்திப் பார்த்தும் பாறைதான் வந்தது.

தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னேன். விலை விழுந்தது, துளை போடுவதை நிறுத்தினார்கள், அனுப்பிவிட்டார்கள். மனுஷன் கோபப்படவில்லை. என் தட்டில் இன்னொரு கரண்டி சாதம் போடச் சொல்லிவிட்டுப் பேசினார்: "நாங்க தண்ணிக்குத் தோண்டறோம், பாறை வருது. நீங்க தண்ணி மேல உக்காந்துகினு தோண்டறீங்க, அதையும் நிறுத்திட்டான். நம்ம ரெண்டு பேருக்கும் தோண்டற ராசியே இல்ல மாப்ள, சாப்பிடு."

எந்தக் கம்பெனி?

முதல் பையன் பிறந்தபோது நான் கடலில் இருந்தேன். அவன் தவழ ஆரம்பித்த பிறகுதான் முகம் பார்த்தேன். இரண்டாவதும் அப்படித்தான் ஆகியிருக்கும். நான் வந்த மறுவாரம், விடிந்து கொஞ்ச நேரத்தில் கோமதிக்கு வலி எடுத்தது. கூடவே ரத்தம் போக ஆரம்பித்தது. பிரசவம் பார்க்க வந்த மருத்துவச்சி அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "உடனே வேலூருக்குத் தூக்கினு போங்க" என்றாள். ஊரில் ஜீப் வைத்திருந்த ரைஸ் மில்காரரிடம் ஓடினேன். அவர் என்னைச் சாவி வாங்கக்கூட விடாமல், தானே ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் கோமதி என் சட்டையைப் பிடித்த கையை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் உடனே ரத்தம் வேண்டும் என்றார்கள். அந்தக் காலத்தில் ரத்தம் கொடுத்தால் ஆள் படுத்துவிடுவான் என்று பயம். கூட வந்தவர்களுக்குத் தங்கள் குரூப் என்னவென்றும் தெரியாது. எனக்குத் தெரியும். ரிக்கில் ஒவ்வொருவன் ஹெல்மெட்டிலும் ரத்த குரூப்பை எழுதி ஒட்டியிருப்பார்கள். சொன்னேன். சோதித்துப் பார்த்து, அவளுக்குச் சேரும் என்றார்கள். கையை நீட்டிப் படுத்தேன். என் ரத்தம் பாட்டிலில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, தெரிந்த சாமி பேரையெல்லாம் சொன்னேன். பாஷா பாய் சொல்லும் 'யா அல்லா'வையும் விட்டுவைக்கவில்லை.

மத்தியானம் ஒரு நர்ஸ் வந்து, தாயும் பெண் குழந்தையும் பிழைத்துவிட்டார்கள் என்று சொன்னார். எனக்கு அழுகைதான் வந்தது. பக்கத்தில் இருந்த மாமனார், "கடல்ல வேலை செய்யறவரும்மா. கம்பெனி அனுப்பிட்டதாலதான் ஊர்ல இருந்தாரு" என்றார். நர்ஸ் அதை லீவு என்று நினைத்துக்கொண்டார். என் கையில் ஒட்டியிருந்த பஞ்சைச் சரிசெய்தபடியே சொன்னார்: "நேரம் பாத்து லீவு குடுத்திருக்காங்க. எந்தக் கம்பெனியோ, நல்லா இருக்கணும் அவங்க."

ஆளுக்கு முன்னால் வாசனை

பாஷா பாய் ஊர் திரும்பியதும் முதல் காரியமாக என்னை ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே தோலைப் போட்டுச் சுழற்றுகிற பெரிய பெரிய மர டிரம்கள் இருக்கும். அவற்றின் இரும்புப் பட்டையையும் அச்சையும் மருந்துத் தண்ணீர் அரித்துக்கொண்டே இருக்கும். வெல்டருக்கு வேலை தீரவே தீராத இடம். முதலாளி ஒரு ஹாஜியார். ஒரு பட்டையைப் பற்றவைத்துக் காட்டச் சொன்னார், பார்த்தார், "நாளைக்கு வந்துடு" என்றார். தினமும் ரயிலில் போய், சாயங்காலம் பிள்ளைகள் முழித்திருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிடுவேன். எந்த சோப்புக்கும் அசையாத அந்தத் தோல் வாசனையும் கூடவே வரும். கோமதி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று சொல்வாள்: "கடல்ல இருந்தப்ப ஆளும் வரல, வாசனையும் வரல. இப்ப தெருமுனையிலயே தெரிஞ்சிடுது. இதுவே போதும், வா."

ஹாஜியாரின் பதில்

இரண்டு வருஷம் போல ஆன பிறகு எண்ணெய் விலை ஏறியது. ரிக் மறுபடி கடலுக்குப் போகிறது, பழைய ஆட்களைக் கூப்பிடுகிறார்கள் என்று, வளைகுடாவுக்கு ஆள் எடுக்கிற மெட்ராஸ் ஏஜென்ட் ஆள் அனுப்பினான். மாமனார் கிணற்றை நினைத்தும், பிள்ளைகள் படிப்பை நினைத்தும், கோமதியும் நானும் பேசிப் போவதென்று முடிவு செய்தோம். கஷ்டத்தில் கை கொடுத்த மனுஷரிடம் எந்த முகத்தோடு சொல்வது? ஹாஜியார் முன்னால் நின்று மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இதுல இன்னா பேஜாரு? போய்ட்டு வா. அங்க நிறுத்திட்டா இங்க வந்துடு. இங்க நிறுத்திட்டா, எனக்கு அங்க ஒரு எடம் பாத்து வை."

எண்ணெய் விலை ஏறியபோதெல்லாம் எனக்குச் சோறு போட்டது, இறங்கியபோதெல்லாம் என்னைக் குடும்பத்தோடு உட்கார வைத்துச் சாப்பிடச் சொன்னது, இந்த ஏற்றம், இறக்கம் இரண்டில் எதற்கு முதலில் கும்பிடு போடுவது என்றுதான் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.