பாசிக்காரர் ஜெயித்த கதை

ஏரித் தண்ணீரைப் பரிசோதிக்கும் வேலையில் இருபத்தாறு வருஷம் குனிந்தே கிடந்ததால் அவருக்குப் பாசிக்காரர் என்று பெயர். ஒரு கண் நுண்ணோக்கிக்கே வாழ்க்கைப்பட்டது. மனைவியை மற்றக் கண்ணால்தான் பார்ப்பார். அவர் தும்மினால் பச்சையாகத் தெறிக்கும் என்பார்கள். நானே பார்த்திருக்கிறேன், லேசான பச்சைதான்.

மனைவியின் தம்பி புல்வெட்டும் வண்டி ஓட்டுபவன். சக்கரத்தடியில் தாயைப் பறிகொடுத்த காட்டு முயல்குட்டி ஒன்றை ஒருநாள் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தான். பிள்ளையில்லாத அக்கா அதை மடியைவிட்டு இறக்கவில்லை. வழக்கு அன்று தொடங்கியது.

“பொறக்கும்போதே கண்ணு திறந்திருக்கு, உடம்பெல்லாம் முடி, வளைகூடத் தோண்டாம ஓடியே பொழைக்குது. உங்க நீலப்பச்சைப் பாசிக்குக் கண்ணும் இல்ல, காலும் இல்ல. அதையும் ஒரு உசுருன்னு கட்டிக்கிட்டு அழறீங்களே மாமா.”

“உன் முயல் மூக்கு துடிக்கத் துடிக்க இழுக்குதே காத்து, அதை உலகத்துக்கு முதல்ல குடுத்ததே பாசிதான்டா. அப்பன் ஆத்தா இல்லாம, ரெண்டு ரெண்டா பிளந்தே ஊரை வளைச்சுப்போடும்.”

“அதான் உங்களுக்கும் அதுக்கும் பொருத்தம்,” என்பாள் மனைவி, முயலின் காதை நீவியபடி. “ரெண்டும் இருந்த இடத்தைவிட்டு அசையாது.”

தம்பி விழுந்து விழுந்து சிரிப்பான். மூன்று வருஷம் சாப்பாட்டோடு அந்தச் சிரிப்பையும் சேர்த்து விழுங்கினார் பாசிக்காரர்.

அந்தக் கோடையில் ஏரி சாயம் கொட்டினாற்போல் பச்சையாயிற்று. குழாயிலும் அதே பச்சை. குடிப்பதற்கு வெளியிலிருந்து கேன் வந்தது. கேன் தீர்ந்த ஒரு காலையில், முயலுக்காகத் தம்பி குழாய் நீரை அடுப்பில் ஏற்றினான்.

“நல்லா கொதிச்சா பாசி செத்துரும்ல மாமா?”

“செத்துரும்.”

பொய்யில்லை. சாகும்போது உள்ளிருக்கும் நஞ்சையெல்லாம் அது தண்ணீரில் கக்கிவிடும், எவ்வளவு கொதித்தாலும் நஞ்சு போகாது என்பதை மட்டும் சொல்லவில்லை. முயலுக்கு ரெண்டு நாள் வயிறு கெடட்டும் என்றுதான் நினைத்தார்.

மூன்றாம் நாள் முயல் செத்தது. பிறந்தபோது எப்படியோ அப்படியே, கண்ணைத் திறந்துகொண்டு.

“காலில்லாததுதான் ஜெயிச்சுது பாத்தியா,” என்றார். வாயை அடக்க முடியவில்லை.

மனைவி அதைத் துணியில் சுற்றிப் புதைக்க ஏரிக்கரைக்குப் போனாள். கம்பிக் கதவில் ஓர் அறிவிப்பு தொங்கியது: ‘கொதிக்க வைத்தாலும் நஞ்சு நீங்காது.’ கணவரின் கையெழுத்து. போன வாரத் தேதி.



ஏரி தெளிந்து மாதங்கள் ஆகின்றன. அவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் மனைவி முன்னால் ஒரு தம்ளர் தண்ணீரை வைக்கிறாள்.

“கொதிக்க வச்சதுதாங்க. குடிங்க.”

அவர் அதைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். நுண்ணோக்கி இல்லாமல் அவர் கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை.