அண்ணன் வைத்த பெயரை அண்ணனே எடுத்தார்

"…ஆமா, மொதல்ல கூப்பிட்டது நான்தான். அதான் நானே சொல்ல வந்தேன். இனிமே எம் மகளை யாரும் டாக்டர்னு கூப்பிடாதீக."

கம்பத்தில் எங்கள் தெரு முனை டீக்கடையில் அண்ணன் இதைச் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவர் மறைந்து ஓராண்டாகிறது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு அந்தப் பேச்சுதான் முதலில் வருகிறது.

அண்ணன் ஜெயமங்கலத்தில் பிறந்தார். அப்பா சீக்கிரம் போய்விட, எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு எங்களைத் தூக்கி நிறுத்தினார். கல்யாணத்துக்குப் பின் கம்பத்துக்கு வந்து திராட்சைத் தோட்டம் போட்டார். பறிக்கும் நேரத்தில் மழை பெய்து பழமெல்லாம் வெடித்த வருஷத்திலும், "கொடி இருக்குல்ல, விடு" என்றார்.

அப்படிப்பட்டவர் ஒரு தப்புச் செய்தார். மகள் பவித்ரா பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிய அன்று, "டாக்டரம்மா, சாப்பிட வாங்க" என்றார். தெரு அதைப் பிடித்துக்கொண்டது. பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைத்த கதைதான்.

நீட் இரண்டு தடவை எழுதினாள். விடியுமுன் தேனி பஸ், பகலெல்லாம் கோச்சிங், ஞாயிற்றுக்கிழமையும் மாதிரித் தேர்வு. தோட்டத்தில் இடுப்பொடிந்தவரும் புத்தகத்தில் கண் எரிந்தவளும் சோற்றுத் தட்டின் முன்னாலேயே தூங்கி விழுவார்கள். அண்ணிதான் இருவரையும் தட்டித் தட்டிச் சாப்பிட வைப்பார். இரண்டாம் தடவையும் இடம் கிடைக்கவில்லை.

பெயர் மட்டும் போகவில்லை. "டாக்டரம்மா, ஊசி எப்பப் போடுவீக?" என்ற கேலியைக்கூடத் தாங்கிக்கொண்டாள். ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மா காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிவந்து, "என்னன்னு பாரு தாயி" என்று நிஜமாகவே கேட்டார். "நான் டாக்டர் இல்ல அத்தை" என்று உள்ளே போனவள், மறுநாளிலிருந்து தெருவை விட்டு வாய்க்கால் கரை வழியே கோச்சிங் பஸ்ஸுக்குப் போனாள்.

"ஏத்தா, அங்கன பாம்பு கெடக்குமே?" என்றார் அண்ணன்.

"பாம்பு என்னைய டாக்டர்னு கூப்பிடாதுப்பா. மூணாவது தடவ எழுத எனக்குத் தெம்பில்ல. ஆனா விட்டுட்டா, இந்தப் பேரை எங்கன கொண்டுபோய்ப் போட?"

அன்று மாலை அண்ணன் டீக்கடைக்கு வந்தார். நான் தொடக்கத்தில் சொன்ன பேச்சை அங்கேதான் பேசினார்.

அவள் மூன்றாம் தடவை எழுதவில்லை. மதுரையில் தாவரவியல் படிக்கிறாள். அண்ணனின் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் அவளே உடனிருந்தாள். "யாருங்கய்யா இது?" என்று நர்ஸ் கேட்டதற்கு, "எம் மக" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை.

ரத்தம் கொடுத்தவர்கள், வேளை தவறாமல் சோறு கொண்டுவந்தவர்கள், அந்த மாதங்களில் எங்கள் கொடிகளுக்குக் கிளை வெட்டிக் கவாத்துச் செய்து கொடுத்தவர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணன் டீக்கடையில் சொன்ன நாள் முதல் அந்தப் பெயரை வாயில் எடுக்காத எங்கள் தெருவுக்கு இன்னும் பெரிய நன்றி.

அன்று கடையில் யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் டீயை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றினார். வருஷக்கணக்காகச் சொல்லாமல் பழக்கம் விட்டுப்போன பெயரை ஒரு தரம் தொண்டைக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்:

"பவித்ரா, சாப்பிட வாம்மா."