பாதி முகம்

புளியங்குடியைத் தாண்டி வெகுதூரம் வந்த பிறகுதான் வலது கையை விரித்துப் பார்த்தேன். சலூன் கடைப் படிகாரக் கட்டி உள்ளங்கையில் இருந்தது. வெள்ளையாக இருக்க வேண்டியது, ரத்தம் ஏறி ரோஸ் நிறமாகியிருந்தது. தூர எறியப் பயம். யாராவது கண்டெடுத்தால்? சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சங்கரன்கோவில் பக்கம் நடந்தேன்.

பஸ்ஸில் ஏறவில்லை. அந்தத் தடத்துக் கண்டக்டர்களில் பாதிப் பேர் என்னிடம் சவரம் செய்துகொண்டவர்கள். பின்னால் பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் காட்டைப் பார்த்துத் திரும்பி, ஒன்றுக்கு இருப்பவன் போல நின்றேன்.

நடந்தது இதுதான். கடைக்கார அண்ணாச்சி கல்யாண வீட்டுக்குத் தென்காசி போயிருந்தார். புளியங்குடிக் கடையில் நான் மட்டும். மத்தியானம் எலுமிச்சை மார்க்கெட் வியாபாரி ஒருவர் வந்து உட்கார்ந்தார். மடக்குக் கத்தியில் புதுப் பிளேடை முறித்து மாட்டி, வலது பக்கம் முழுக்க வழித்து முடித்தேன். தடவிப் பார்த்துவிட்டு, “தாடைக்குக் கீழ சொரசொரங்கு. எதிர்த்து இழு வே” என்றார். அங்கே ஒரு மரு இருந்தது. எதிர்த்து இழுத்தேன். மருவின் தலை போய்விட்டது.

மரு அறுபட்டால் ரத்தம் வரும். படிகாரத்தைத் தண்ணீரில் தொட்டு அழுத்தினால் ‘ஸ்’ என்பார்கள். கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். இது நிற்கவில்லை. மறுபடி அழுத்தினேன். விரலுக்குள் கட்டி வழுக்கியது. ரத்தம் கழுத்தில் இறங்கி, துண்டு நனைந்து, பனியனுக்குள் போனது. “என்ன வே, இன்னுமா நிக்கல?” என்று கேட்டவர் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு அப்படியே சாய்ந்தார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடைக்காரர்கள் ஓடி வந்து, ஒரு கன்னத்தில் நுரையோடு அவரை ஆட்டோவில் ஏற்றினார்கள். “கழுத்த அறுத்துட்டாம்ல” என்று எவனோ சொன்னான். ஆட்டோ தெரு திரும்பும் முன்னே நான் பின்வாசல் வழியாக இறங்கிவிட்டேன்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். தீப்பெட்டி ஆபீஸ், ரப்பர் தோட்டம், கொல்லத்தில் ஒரு சலூன் என்று சுற்றியவன். பசியோ ஏச்சோ எனக்குப் புதிதில்லை. ஆனால் ஒருத்தர் செத்தாரா இருக்கிறாரா என்று தெரியாமல் நடந்தது அதுதான் முதல் தடவை. போனைப் போட்டால் தெரிந்துவிடும். அந்தப் பயத்திலேயே அணைத்து வைத்திருந்தேன்.

சங்கரன்கோவில் ரயில் நிலையத்தில் படுத்தேன். தூக்கம் இல்லை. விடிந்ததும் குழாயில் முகம் கழுவினேன். நகக்கண்ணில் ரத்தம் காய்ந்திருந்தது. அதைச் சுரண்டி எடுத்த பிறகு போனைப் போட்டேன். உடனே அடித்தது.

“ஏலே, எங்கன கெடக்க?” கடைக்கார அண்ணாச்சி.

“அவரு இருக்காரா அண்ணாச்சி?”

“இருக்காராவா? ஆஸ்பத்திரி இட்லி கல்லு மாதிரி இருக்குன்னு ஏசிக்கிட்டு இருக்காரு. ரெண்டு தையல். நெஞ்சுல ஸ்டென்ட் வச்ச மனுசன், ரத்தம் உறையாம இருக்க மாத்திர திங்காரு. அத வாயத் தொறந்து சொல்லாம கழுத்த நீட்டியிருக்காரு. டாக்டரு அவரத்தான் வஞ்சாரு.”

பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்தேன்.

“ஒரு பக்கம் தாடியோட கெடக்காருல. மிச்சத்த யாரு வழிப்பான், உங்கப்பனா? ஒழுங்கா வந்து சேரு.”

“வாரேன் அண்ணாச்சி” என்றேன். போகவில்லை. இதைவிடச் சின்னக் காரணங்களுக்கெல்லாம் நான் ஊர் மாறியிருக்கிறேன். அந்த நாற்காலிக்குப் பின்னால் மறுபடி நிற்க என்னால் முடியாது.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சலூன் வாசலில் ‘ஆள் தேவை’ என்று அட்டை தொங்கியது. வேறு எந்த வேலையும் எனக்கு உருப்படியாகத் தெரியாது. உள்ளே போய்க் கேட்டேன். முதலாளி என் கையைப் பார்த்தார், நடுங்கியது. “சாப்பிட்டியா?” என்றார். இல்லை என்றேன். அதனால்தான் நடுக்கம் என்று நினைத்துக்கொண்டு டீயும் பன்னும் வாங்கித் தந்தார்.

முதலில் வந்தவர் பவர்லூம் தறி ஓட்டுகிற ஆள். துண்டைக் கட்டிவிட்டு, “ரத்தம் உறையாம இருக்க மாத்திர எதும் சாப்பிடுதீங்களா அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“நீ வழிக்க வந்தியா, வைத்தியம் பாக்க வந்தியா வே?”

முதலாளி சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

“சொன்னாத்தான் கத்திய எடுப்பேன்.”

“சுகர் மாத்திர மட்டுந்தான். போதுமா டாக்டரே?”

கன்னத்தில் கத்தியை வைத்தேன். இரண்டு கன்னமும் முடிந்த பிறகும் தாடைக்குக் கீழே இறங்காமல், நுரையை மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருந்தேன்.