நான் நிறுத்திய வயிற்றுப்போக்கு

என் மனைவியின் குடலைக் கெடுத்தது நான்தான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

சாயல்குடிப் பக்கம் எங்கள் ஊர். மிளகாய் விவசாயம். பழம் பறிக்கிற நேரத்தில் எங்களில் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. போனால் ஒரு நாள் போச்சு. மெடிக்கல் கடையில் நின்று, "காய்ச்சலுக்கு ஒரு செட்", "மேல்வலிக்கு ஒரு செட்" என்று கேட்போம். கடைக்காரர் நாலைந்து அட்டையில் ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்துச் சின்னக் கவரில் போட்டுத் தருவார். பெயர் அட்டையோடு நின்றுவிடும். நிறம்தான் எங்களுக்குத் தெரியும்.

போன மாசி மாதம் அவளுக்குக் கடைவாய்ப் பல் வீங்கியது. நான் செட் வாங்கி வந்தேன். ரெண்டு வேளையில் வீக்கம் வடிந்தது, நிறுத்திவிட்டோம். நாலாம் நாள் மறுபடி வீங்கியது. "இன்னும் பவரா குடுங்க" என்றேன். குடுத்தார். அதையும் பாதியில் விட்டோம். மூன்றாவது முறை, எனக்குக் கால் புண்ணுக்கு வாங்கி மிச்சம் கிடந்ததையும் சேர்த்துக் கொடுத்தேன். வீணாகப் போகக் கூடாதாம்.

பல் சரியானது. பத்து நாள் கழித்து வயிற்றால் போக ஆரம்பித்தது. ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை, வெறும் தண்ணீராக. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு குறுகிக் கிடந்தாள்.

"ஏங்க, ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

"பேதிக்கா? கடையில சின்னதா ஒரு மாத்திரை இருக்கு. கட்டிப் போட்ட மாதிரி நிக்கும்."

நின்றது. மறுநாள் ஒரு தடவைகூடப் போகவில்லை. "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்றேன். பறிப்புக்கு வந்த ஆட்களிடமும் பீற்றிக்கொண்டேன். அன்று சாயங்காலமே அவள் வயிறு உப்பியது. நான் சிரித்தேன். "அஞ்சு மாசம் மாதிரி இருக்கு." அவள் சிரிக்கவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. தொட்டுப் பார்த்தேன். வயிறு பறை மாதிரி விறைத்திருந்தது. வண்டி பிடித்து ராமநாதபுரத்துக்கு ஓடினேன்.

அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும்.

"என்ன மாத்திரை குடுத்தீங்க?"

"சிவப்பும் கறுப்புமா ஒண்ணு, டாக்டர்."

"பேரு?"

"அப்புறம் வெள்ளையில ஒண்ணு. நடுவுல கோடு போட்டிருக்கும்."

பேனாவைக் கீழே வைத்தார். "ஐயா, நான் பேரு கேட்டேன்."

கட்டின பெண்டாட்டிக்கு என்ன கொடுத்தோம் என்றே தெரியாத மடையனாக நின்றேன்.

படம் எடுத்தார்கள், மலத்தைச் சோதித்தார்கள். பிறகு டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். நம் குடலில் கோடிக்கணக்கான கிருமிகள் குடியிருக்கின்றன. பெரும்பாலும் நமக்கு வேண்டியவை. நாம் தின்பதில் மிச்சத்தைச் செரிக்கின்றன, கெட்ட கிருமி தலைதூக்காமல் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. என் மாத்திரைகள் அந்த நல்லதுகளைக் கொன்றுவிட்டன. சாகாத ஒரு கெட்டது காலியான இடமெல்லாம் பெருகி விஷம் கக்குகிறது.

"பேதி அந்த விஷத்தை வெளிய தள்ளிக்கிட்டு இருந்துச்சு. நீங்க அதையும் அடைச்சிட்டீங்க."

கிருமி என்றால் சாக வேண்டியது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதைவிட அசிங்கம் ஒன்று உண்டு. இது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. மிளகாய்ச் செடியில் விடாமல் மருந்தடித்தால் இலைப்பேனைத் தின்கிற பொறிவண்டெல்லாம் செத்து, இலைப்பேன் இரண்டு மடங்காகக் கிளம்பும். அதை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! செடிக்குப் பார்த்த நியாயத்தைப் பெண்டாட்டிக்குப் பார்க்கவில்லை.

"குடல் ரொம்ப உப்பியிருக்கு. நாளைக்குக் காலை வரைக்கும் பாப்போம். வடியலைன்னா பெருங்குடலை வெட்டி எடுக்கணும். இல்லேன்னா வெடிச்சிரும்" என்று காகிதத்தை நீட்டினார்.

கையெழுத்துப் போட்டேன். குடிக்க ஒரு மருந்து கொடுத்து, நரம்பில் இன்னொன்று ஏற்றினார்கள். எனக்குக் கோபம் வந்தது. "மாத்திரையால வந்த சீக்குக்கு மறுபடியும் மருந்தா?" என்று கத்தினேன்.

"இது அந்தக் கிருமியைக் கொல்றது. உங்க செட்டு அதைத் தொடக்கூட இல்ல. பேரு எழுதித் தரவா, நிறம் சொல்லவா?" என்றார் டாக்டரம்மா.

காலையில் நர்ஸ் டேப்பை வைத்து வயிற்றை அளந்தார். பிறகு இன்னொரு தடவை அளந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "கொறைஞ்சிருக்கு" என்றார். மத்தியானம் அவளுக்கு மறுபடி வயிற்றால் போனது. பேதிக்கு ஒருவன் கும்பிடு போட்டு அழுதது அந்த வார்டில் அன்றுதான் நடந்திருக்கும்.

வெட்டவில்லை. குடல் தப்பியது. பழைய மாதிரி சாப்பிட அவளுக்கு மூன்று மாதம் ஆயிற்று. இடையில் ஒரு தடவை அதே சீக்கு திரும்பியும் வந்தது. நல்ல கிருமிகள் மறுபடி குடியேற நாளாகுமாம்.

மெடிக்கல் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். "நீதானப்பா பவரா கேட்ட?" என்றார். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுத்தது அவர் தப்பு. அதற்காக நான் கேட்டது இல்லையென்று ஆகிவிடாது.

போன மாதம் ஒரு நாள் தோட்டத்திலிருந்து வந்தேன். வீடு பூட்டியிருந்தது. பொழுது சாய அவள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு.

"எங்கன போன?"

"காய்ச்சலு. காட்டிட்டு வாரேன்."

"காலையிலயே எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா நீங்க கடைக்கில்ல ஓடுவீக" என்று கதவைத் திறந்து உள்ளே போனாள்.